கதவுக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி

மனசு சரியில்லை என்று வருகிறவர்களை உட்கார வைப்பதுதான் என் வேலை. உட்காருவது ஒன்றுதான் அவர்களுக்கு வராது.

அந்தச் சனிக்கிழமை தல்லாகுளத்தில் எங்கள் மனநல ஆலோசனை மையத்து மாடியில் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளறையில் ஆலோசகர் மேடம். பெருக்கித் துடைக்கும் பாண்டியம்மா. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். ஒரு டீச்சர். ஒரு தாயும் மகனும். வாசல் நாற்காலியில் நான். ஆக ஏழு பேர். வந்தவர்கள் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே செருப்பை வெளியே விட்டுத்தான் வர வேண்டும். நான் ஆட்களைச் செருப்பை வைத்துத்தான் எண்ணுவேன். முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கூச்சம், எனக்கு அதைவிடக் கூச்சம்.

இன்னொன்றும் உண்டு. அன்று ஆறு மணிக்கு எனக்கே நேரம் ஒதுக்கியிருந்தார்கள். என் மனைவி இறந்துபோன பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். வேலைக்குத் தினமும் தாமதம். மேடம் கோபிக்கவில்லை. "ஒருநாள் நீங்களும் உள்ள வந்து உட்காருங்களேன்" என்றார். அன்று காலையிலிருந்தே என் கை சட்டைப்பைச் சாவியை விடவில்லை. ஆறு மணிக்குள் எப்படி நழுவுவது என்பதுதான் யோசனை. இப்படி ஒரு வாசல் வரை வந்து திரும்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெறும் வயிறு

விவசாயி ஒன்பதரைக்கே வந்துவிட்டார். தூக்கம் இல்லாத கண். கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பை. டீ சொல்லட்டுமா என்றேன். "ரத்தம் எடுப்பாகல்ல? நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலண்ணே" என்றார். எல்லோருக்கும் ஒப்பிக்கிற பாடத்தை அவருக்கும் ஒப்பித்தேன், மேடம் சொல்லிக்கொடுத்தது: ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பது கிடையாது, அழுதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் நம்பவில்லை. "பேசுறதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்?" வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். பையைத் திறந்த மாதிரியே தெரியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே அவராகச் சொன்னார்: "அந்தம்மா ஒண்ணுமே பண்ணலண்ணே, நாந்தேன் பேசிக்கிட்டே கிடந்தேன். இப்பத்தேன் பசிக்குது, இங்கன நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?"

காணாத செருப்பு

டீச்சர் வந்து உட்கார்ந்தார். வாசலில் அவர் செருப்பைக் காணோம். கணக்கு இடித்தது. படி வரை போய்த் தேடினேன். பிறகுதான் பார்த்தேன், துணிக்கடைப் பைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்த்தால் செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். ஸ்கூட்டியையும் எதிர்ப்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை முன்னால் விட்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைப் பார்த்தார். உள்ளே சொல்வது வெளியே போகுமா என்றார். போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வேறு ஆளுக்குச் சொல்வார்கள், அதையும் மேடமே முதலில் சொல்லிவிடுவார் என்றேன். சொல்லும்போது என் கை சட்டைப்பைச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தது. பையோடுதான் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. செருப்பை எல்லோரும் பார்க்கத் தரையில் போட்டு, நின்று நிதானமாக மாட்டினார். "கண்ணாடிக் கடைக்காரர் என்ன பவர் வேணும்னு ரெண்டு தடவை கேட்டுட்டார். அடுத்த வாரம் வண்டியை இங்கேயே விட்டுர்றேன்."

வெளியே உட்கார்ந்த தாய்

மாலையில் தாயும் மகனும். மகனுக்கு இருபத்தைந்து இருக்கும். வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கிறானாம். "எனக்குத் தெரியாதது அவனுக்கு என்ன இருக்கு? நானே சொல்லிர்றேன்" என்று தாய்தான் முதலில் உள்ளே நுழைந்தார். மேடம் அவரைப் பதமாக வெளியே கொண்டுவந்து என்னிடம் உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரம் கதவையே முறைத்தார். பிறகு மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மகனிலிருந்து புருஷனுக்குப் போனார், புருஷனிலிருந்து தனக்கு வந்தார், அங்கே அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்? மகன் வெளியே வந்து செருப்பு மாட்டக் குனிந்த நேரத்தில் தாய் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "அண்ணே, எனக்கும் ஒரு நேரம் போட்டு வைங்க. அவன்கிட்டச் சொல்லிராதீக."

ஆறு மணி

அவர்கள் இறங்கியதும் மேடம் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நான் செருப்பை மாட்டினேன். பூட்டினேனா, கேஸை அடைத்தேனா, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கால் தானாக இறங்கியது. பாதிப் படியில் பாண்டியம்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஈரமா இருக்கு, இறங்காதீக."

"இல்ல, வீட்டுல..."

"வீடு எங்கயும் ஓடிராது. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, மொத நாளே எல்லாத்தையும் சொல்லணும்னு கிடையாது, அழுதா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக. தெனமும் நீங்க ஒப்பிக்கிறதுதானே? வந்தவுகளுக்குச் சொன்னதெல்லாம் பொய்யாக்கும்?"

ஏறிவந்து செருப்பைக் கழற்றினேன். தினமும் மின்விசிறி போட நுழைகிற அறைதான். உட்கார்ந்து பார்த்தால் வேறு அறையாக இருந்தது. முன்பெல்லாம் வீட்டை யார் பூட்டுவார்கள் என்று மேடம் கேட்டார். "யாரும் பூட்டினதே இல்லை. நான் கிளம்பும்போது அவ உள்ள இருப்பா" என்றேன். என் கை சாவியை விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெளியிலிருந்து பாண்டியம்மாவின் குரல் மட்டும் வந்தது: "நான் வாரேன் மேடம்! அவரு உள்ளதான இருக்காரு?"

எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியாக நானும் உட்கார்ந்தபோது, வாசலில் மிச்சம் சரியாக இரண்டு ஜோடி, மேடத்துடையதும் என்னுடையதும்.