அடிக்குறிப்பில் இல்லாத பெயர்

வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் நெறியாளர் இருந்தார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா இல்லை. ஆய்வேட்டைப் புரட்டிய தேர்வாளர் ஓர் அடிக்குறிப்பில் விரல் வைத்தார். “ஒப்பந்தப் பெண் தொழிலாளி, வாட்ஸ்அப் குரல் பதிவு என்று போட்டிருக்கிறீர்களே, யார் அவர்?”

அக்கா இருங்காட்டுக்கோட்டையில் என் பக்கத்து அறையில் குடியிருந்தவர். சொந்த ஊர் வடக்குப்பட்டு. கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. நான் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். லைனில் நிற்கும் பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றால், மாற்று ஆள் வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது அக்கா அனுப்பிய குரல் பதிவுகளில்தான் இருந்தது, ஹாரன் சத்தத்தோடு.

புத்தகத்தை மேற்கோள் காட்டும் முறை எனக்குத் தெரியும். குரல் பதிவை எப்படிக் காட்டுவது? பேசியவர் பெயர், ஊர், தேதி, பதிவு யாரிடம் இருக்கிறது என்பதை எழுத வேண்டும், பெயரைப் போட அவர் சம்மதிக்க வேண்டும் என்றார் நெறியாளர். கேட்டேன். அக்கா சிரித்தார்.

“போடுப்பா. எங்க வூட்ல எவ பேரு புக்குல வந்துகீது? கல்யாணப் பத்திரிகையோட சரி. இனிஷியலோட போடு.”

போட்டேன். அந்த வரியைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் லைன் முழுக்கக் காட்டியிருக்கிறார். சூப்பர்வைசர் கிண்டலாகத்தான் கேட்டாராம்: “இன்னாமா, பாத்ரூம் போற கதையெல்லாம் புக்குல வருதாமே? பெரிய ஆளாயிட்ட.” ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. அன்று சாயங்காலம் அக்கா ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்றார்.

“எடுத்துட்றியாப்பா? பேசுனது இருக்கட்டும். பேரு மட்டும் வேணாம்.”

எடுத்துவிட்டேன். அது அவருடைய பெயர், மறுக்க நான் யார்?

ஆய்வேடு பைண்டாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, கம்பெனி அந்த லைனையே வேறு ஊருக்கு மாற்றியது. லைனில் நின்ற அத்தனை பேருக்கும் ஒப்பந்தம் நின்றுபோனது. அக்கா போன் செய்தார். “இனிமே இன்னா பயம்? என் பேரைத் திருப்பிப் போட்டுடேன்.” சமர்ப்பித்த ஏட்டில் கைவைக்க முடியாது என்பதை எப்படிச் சொல்வதென்று நான் திணறியது அவருக்கே புரிந்துவிட்டது. “சரி வுடு, உனக்குப் பட்டம் வந்தா போதும்.”

ஆகவே தேர்வாளர் கேட்டபோது எழுந்து நின்று, இனிஷியலோடு அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்த நேரம் அக்கா சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், ஆள் எடுக்கும் ஏஜென்சி வாசலில் நின்றிருந்தார்.

இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். இதை எழுதுமுன் கேட்டேன். “இதுலயாவது போடட்டுமாக்கா?”

“இங்கயும் காண்ட்ராக்ட்டுதான்பா.”

நூலகத்தில் அந்த அடிக்குறிப்பு பெயரில்லாமல் அப்படியே கிடக்கிறது. போன வேலைக்கும் இந்த வேலைக்கும் அவர் கொடுத்த விலை அந்த ஒரே பெயர்தான்.