கல் போன வழியில் சாலை போகவில்லை

அந்தத் திருத்தச் செய்தியை எழுதியதற்காக நான் இன்றுவரை யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. வருந்த வேண்டியது அதற்கு முந்தைய செய்திக்காக. அதை எழுதியவனும் நான்தான்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே இருந்தது எங்கள் ஊர். சென்னையிலிருந்து திருப்பதி போகிற பஸ்கள் எல்லாம் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு பஸ் எதிரெதிரே வந்துவிட்டால் ஏதாவது ஒன்று பின்னால் நகரும்வரை ஹாரன் சத்தமும் வசவும் ஓயாது. அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு வீடு. முன்பக்கம் இரண்டு கடை அறைகள். ஒன்றில் காபி ஓட்டல், இன்னொன்றில் தையல்காரர். நைனா இறந்த பிறகு அந்த இரண்டு வாடகையில்தான் அம்மாவும் நானும் இரண்டு தங்கைகளும் பிழைத்தோம். வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. நான் வேலூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்தது சைக்கிள் டியூபுக்குச் சரியாக இருந்தது.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து, எங்கள் பக்கத்து ஊர்கள் கடைசியில் எந்த ராஜ்ஜியத்தில் நிற்கும் என்பது முடிவாகாமலே கிடந்தது. நாளைக்கு எந்த ஆபீசில், எந்த மொழியில் பத்திரம் எழுதுவது என்று தெரியாதபோது யாருக்கும் மனை வாங்க மனம் வரவில்லை. திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம் என்று ஒருவழியாகத் தீர்ந்ததும் நிலப் பேச்சு கிளம்பியது. கூடவே இன்னொரு பேச்சும் வந்தது. பஸ்கள் ஊருக்குள் வராமல் போக வெளியே ஒரு பைபாஸ் போடப் போகிறார்கள் என்றார்கள். பைபாஸ் வந்தால் கடைத்தெரு படுத்துவிடும், பைபாஸை ஒட்டிய மனை ஏறிவிடும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தப் பக்கம் வரும் என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் ஊருக்குக் கிழக்கே வேர்க்கடலைக் கொல்லைகளில் புதிதாகக் கற்கள் நட ஆரம்பித்தார்கள்.

அம்மாவின் அண்ணன் நிலத் தரகர். மாமா வந்து சொன்னார், காபி ஓட்டலில் பேசினார்கள், நான் எழுதினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. ‘புறவழிச் சாலைக்குக் கல் நடும் பணி மும்முரம்’ என்று நாலு பத்தி. பேப்பரில் வந்துவிட்டதால் சந்தேகப்பட்டவர்களும் நம்பினார்கள். மாமா அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்லை ஒட்டிய ஒரு கொல்லையைத் தாமே வாங்கி, மனைகளாகப் பிரித்தார். முதல் மனையை வாங்கியவர் எங்கள் தையல்காரர். மாமா அம்மாவிடமும் வீட்டை விற்றுவிட்டு அங்கே இரண்டு மனை எடுக்கச் சொன்னார். பக்கத்து அரிசி மண்டிக்காரர் குடோனுக்காக வீட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். திங்கட்கிழமை புத்தூர் பத்திர ஆபீசில் எழுதுவதாகப் பேசி முடித்தார்கள். அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் பிள்ளை எழுதிய செய்தியையே நம்பாமல் எப்படி இருப்பது?

சனிக்கிழமை காலை நான் சைக்கிளில் கிழக்கே போனேன். யார் யாருக்கு நிலம் போகிறது என்று பத்திரிகையில் இன்னொரு செய்தி கேட்டிருந்தார்கள். கல் இருந்த இடத்திலெல்லாம் நின்று பார்த்தேன். கற்கள் ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போயின. ஒரு பனைமரத்தண்டை சட்டென்று மடங்கின. ஒரு கொல்லையின் வரப்பைச் சுற்றிக்கொண்டு, வந்த திசைக்கே கொஞ்ச தூரம் திரும்பின. எந்த பஸ்ஸும் அப்படி ஓட முடியாது.

சர்வே சங்கிலி பிடிக்கிறவர் ஒருவர் மர நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தார். ரோட்டுக் கல்லா என்று கேட்டேன். “ரோடு எக்கடய்யா? இதி பார்டர்” என்றார். சாம்பாரிலிருந்த முருங்கைக்காயை எடுத்து, இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் மெட்ராஸ் என்று காட்டிவிட்டு அதைக் கடித்தார்.

ராஜ்ஜிய எல்லை, பைபாஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது. கல்லைப் பார்த்ததும், தனக்கு லாபமான கோடு எதுவோ அதுதான் வந்திருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊர் நினைக்கலாம். நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவருக்கு இரண்டு நாளாகவே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதன்கிழமை மெட்ராசிலிருந்து ஒருவர் வந்து மீதி மனைகளை மொத்தமாக எடுத்துக்கொள்வார், அதுவரை நான் எதுவும் எழுத வேண்டாம் என்றார்.

“நான் உன்ன பொய் எழுதச் சொல்லலையே. ஒரு வாரம் சும்மா இருன்னுதான சொல்றேன்.”

“ஏற்கெனவே எழுதுன பொய் ஓடிக்கினுதான இருக்கு, மாமா.”

“பெரிய பேப்பர்காரரு. உங்க அம்மா ரெண்டு மனையையும் நான் மெட்ராஸ்காரன் தலையில கட்டித் தரேன், போதுமா?”

அம்மா அதுவரை வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பைபாஸ் வரவே வராதா என்று என்னைக் கேட்டாள். வரும், எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றேன்.

“அப்போ தெரியாத எடத்துக்கு நான் இன்னாத்துக்கு கையெழுத்துப் போடணும்? நான் வரலண்ணா. மண்டிக்காரர்கிட்ட சொல்லிடு.”

அன்று சாயங்காலமே திருத்தத்தை எழுதி, வேலூர் பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தேன். எங்கள் செய்திகள் எல்லாம் அப்படித்தான் போகும். ‘தகவல் தந்தவர்கள் தவறாகக் கூறியதால்’ என்று எழுதுவது வழக்கம். நான் ‘நிருபர் நேரில் பார்க்காமல் எழுதியதால்’ என்று எழுதினேன். அந்த வரியை வெட்டினால் இனி என் பெயரில் எதுவும் போட வேண்டாம் என்று தனிச் சீட்டும் வைத்தேன். வெட்டவில்லை. ஐந்தாம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே செவ்வாய்க்கிழமை வந்தது. மெட்ராஸ்காரர் புதன்கிழமை வரவில்லை.

தையல்காரர் புதன்கிழமை வந்தார். அவருடைய மனையில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“நீ பேப்பர்ல போட்டன்னு வாங்கினேன். நீயே பேப்பர்ல போட்டு அழிச்சிட்ட. வாய மூடிக்கினு இருந்தா நானும் எவனுக்காச்சும் வித்திருப்பேன்.”

முதலில் எழுதியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவதற்குக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் விற்றிருந்தால் வாங்கியவன் வந்து என் வாசலில் நின்றிருப்பான். அந்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு போனார். மனைக்கு வாங்கிய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடு என்று மாமாவிடம் நான் போட்ட சண்டையில் எங்கள் பேச்சு நின்றது. மாமா திருப்பிக் கொடுத்தார், ஆனால் ஒரு வருஷம் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய பிறகு.

பைபாஸ் சில வருஷம் கழித்து மேற்கே வந்தது. எல்லோரும் சொன்னபடியே கடைத்தெரு படுத்தது. பஸ் நிற்காததால் காபி ஓட்டலும் பைபாஸுக்குப் போயிற்று. எங்கள் வீட்டை மண்டிக்காரர் மறுபடி கேட்டார், முன்பு சொன்ன விலையில் பாதிக்கு. நான் செய்தது சரி என்று எதுவும் நிரூபிக்கவில்லை. விலையை வைத்துப் பார்த்தால் நாங்கள் தோற்றோம். அம்மா அந்த இரண்டு அறையின் நடுச் சுவரை இடித்து, தெலுங்கு மீடியம் பெண்களுக்குத் தட்டச்சு சொல்லித்தரும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டாள். அவருக்கு பஸ் சத்தம் இல்லாத தெருதான் வேண்டியிருந்தது.

என் தங்கை கல்யாணத்துக்கு அழைத்தபோதுதான் மாமா மறுபடி வீட்டுக்குள் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து சுவரையும் கூரையையும் தரகர் பார்வை பார்த்தார்.

“அன்னிக்கே வித்திருந்தா இந்த ஊட்டுக்கு நல்ல வெல வந்திருக்கும், தங்கச்சி.”

“வந்திருக்கும்” என்றாள் அம்மா. “யாரு இல்லன்னா? எனக்கு விக்க இஷ்டமில்ல. எந்திரி, வந்து துன்னு.”

மாமா எழுந்து கை கழுவப் போனார். நான் இலை போட்டேன்.