மலைப்பக்கத்து நீளக்கம்பு

பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பின்னேர பஸ்ஸில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் நடுவில். ஜன்னல் பக்கம் மரக்கறிச் சாக்கை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா. இந்தப் பக்கம் அவரைவிடப் பருமனான இன்னோர் அம்மா, காலை ஊன்றி, கம்பியைப் பிடித்து, அசையாமல். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் பக்கத்து அம்மா முழுப் பாரத்தோடு என் மேல் சாய்ந்தார். நான் நசுங்கினேன். ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதே வளைவில், முன் சீட்டின் ஓரத்தில் அரைகுறையாக உட்கார்ந்திருந்த கந்தோர் ஐயா ஒருவர், ஏதோ அலுவலகக் குமாஸ்தா, பக்கத்து ஆள் தள்ளிய தள்ளில் குடையோடு நடைபாதையில் போய் விழுந்தார். அவருக்கு அந்தப் பக்கம் தாங்க ஆளில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் நான்கு கோடு கிழித்தேன். அண்ணனின் குழி ஏன் இடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனின் குழி என்று சொன்னேன், அது அவனுடையது இல்லை. எங்கள் தோட்டத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், தேயிலை அழிந்து காடாகிப்போன சரிவில், கீழ்நாட்டிலிருந்து வந்த சிங்களவர் ஐந்தாறு பேர் இரத்தினக்கல் தேடிக் கிணறுபோலச் சதுரமாகக் குழி இறக்கிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம்தான் அது, தொண்ணூறுகள் முடியப்போகும் காலம். நான் உயர்தரம், கணிதப் பிரிவு. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் அதே பரீட்சையில் தவறிவிட்டு, காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்கு நிற்க மனமில்லாமல், அந்தக் குழியில் கம்புகட்டும் மேஸ்திரியான பாஸுக்குக் கையாளாகச் சேர்ந்திருந்தான்.

அவன் மேல் எனக்குப் பொறாமை. சொன்னால் அம்மா சிரிப்பார். "களிமண்ணப் பூசிக்கிட்டு வர்றவன் மேலயா? ஒனக்கென்ன புள்ள பைத்தியமா?" ஆனால் அது உண்மை. அவன் சாயங்காலம் வந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே, இன்றைக்கு எத்தனை கம்புச் சட்டம் இறங்கியது, மண் எந்த நிறத்துக்கு மாறியது என்று அளப்பான். நான் புத்தகத்தில் விசைகளை அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டிருப்பேன். அவன் கையால் தொடுகிற விசைக்கு நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

"மழ பெஞ்சா கட்ட பேசும், தெரியுமா?" என்பான். "கீழ நின்னா கேக்கும். முக்கும், மொனகும். சத்தத்த வச்சே எந்தக் கம்பு எறுகுது, எது நழுவுதுன்னு சொல்லிறலாம்."

அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறெதுவும் இல்லை. ஆனால் குழிவாய்ப் பக்கம் பெண் போகக் கூடாது. போனால் கல் இறங்கிப் போய்விடுமாம். சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனால், பலாமரத்தடியில் வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தெரிவது கயிறு சுற்றும் மர உருளையும் ஒரு தென்னோலைக் கூரையும் மட்டும். அண்ணன் அந்தக் கூரைக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றி எரியும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை வேலைக்குப் போனவர்கள் குழி பாதி நிரம்பிக் கிடப்பதைப் பார்த்தார்கள். மலைப்பக்கத்துக் கம்புகள் நழுவி, அதன் வழியே மண் சரிந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை, அதுவே பெரிய விஷயம். பாஸ் மூட்டை கட்டுவோம் என்றார். அண்ணன் கொழும்பில் ஏதாவது கடைக்குப் போகிறேன் என்றான். அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு. அந்தக் குழியும் போய்விட்டால் கட்டை பேசுவதை நான் எப்போது கேட்பது?

அதற்கடுத்த வாரம்தான் அந்த பஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஈர்க்குகளை ஒடித்து அண்ணன் முன்னால் சதுரம் வைத்தேன். அவர்கள் கட்டும் முறை இது: கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு நீளக்கம்பு. அவற்றுக்கு நடுவே, முனைகள் முட்டி நிற்க, வடக்கிலும் தெற்கிலும் இரண்டு குட்டைக்கம்பு. மண் உதிராமல் இருக்கக் கம்புக்குப் பின்னால் பெரணிச் செடியைத் திணிப்பார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் முதல் நீளக்கம்பு சூரியன் உதிக்கும் பக்கம்தான் வைக்க வேண்டும், விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு. அது அவர்கள் வழக்கம். வயல்காட்டில் குழி இறக்கிப் பழகியவர்கள். சமதரையில் நாலு பக்கமும் ஒரே மாதிரி தள்ளும், எந்தக் கம்பு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் சரிவில் மலை இருப்பது வடக்கே. மலை தள்ளியது குட்டைக்கம்பை. அதைத் தடுக்க முனைகளின் உரசலைத் தவிர ஒன்றுமில்லை.

"கந்தோர் ஐயா மாதிரி விழுந்துருச்சு" என்றேன்.

"எந்த ஐயா?"

"அத விடு. சட்டத்தத் திருப்பிப் போடு. மலப்பக்கமும் ஓடப்பக்கமும் நீளக்கம்பு. குட்ட ரெண்டும் நடுவுல. மல தள்ளத் தள்ள அது ரெண்டும் இறுகுமே தவிர நழுவாது."

பிஸ்கட் டின்னில் ஈரமண்ணை நிரப்பி, தீக்குச்சிகளால் இரண்டு விதமாகவும் கட்டி, ஒரு பக்கமிருந்து கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். ஒன்று சரிந்தது. மற்றது நின்றது. அண்ணன் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

நடந்ததை அவன் வாயாலேயே கேட்டேன். பாஸுக்கு டின் பிடித்திருந்தது, கிழக்கை விட மனமில்லை. நான் அங்கே இருந்திருந்தால் அம்புக்குறி போட்டு வாதாடித் தோற்றிருப்பேன். அண்ணன் சொன்னானாம்: "பாஸ், குழிவாய்ச் சட்டம் சூரியனுக்கு. கீழ எறங்குற சட்டமெல்லாம் மலைக்கு." பாஸ், "மல்லி, நல்ல மூள ஒனக்கு" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துத் தோளில் தட்டினாராம்.

அண்ணனின் அந்த வாக்கியம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

சவுக்கும் கமுகும் புதிதாக வெட்டி வந்தன. மண்ணை அள்ளி, சட்டத்தைத் திருப்பி, மறுபடி இறக்கினார்கள். மார்கழி மழை ஐப்பசியைவிட மோசம், பெரகல பக்கம் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றது. குழி இடியாமல் நின்றது. அண்ணனைச் "சின்ன பாஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குழியில் மட்டுமில்லை, லயத்திலும். பீலியடியில் பெண்கள், "சின்ன பாஸு தண்ணி புடிக்கட்டும், வழி விடுங்க" என்று கேலியாகச் சொன்னாலும், வழி விட்டார்கள். எனக்கு யாரும் விடவில்லை. நான் குடத்தோடு வரிசையில் நின்றேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நான் சொன்னதுன்னு அவங்ககிட்ட சொல்லு."

"சொல்லலாம்" என்றான். "சொன்னா நாளைக்கு எவன் கீழ எறங்குவான்? பொம்பள சொன்ன கம்புன்னு மறுபடி கெழக்கப் பாக்கத் திருப்பிருவானுங்க."

அது சரியான பதில். சரியாக இருந்ததால் இன்னும் எரிந்தது. மறுநாள் அவன் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக் கேரியரைக் கட்டினேன். பலாமரத்தடியில் வைத்துவிட்டு, "சின்ன பாஸ்! சோறு!" என்று ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்கக் கத்தினேன். சாயங்காலம் வந்ததும் அவன் பீலியில் வாய் வைத்து நிறையத் தண்ணீர் குடித்தான்.

ஒன்றை மட்டும் அவன் செய்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வந்து என்னிடம் மட்டும் சொல்வான். "இன்னிக்கு கிறீச்சுன்னுச்சு, ரெண்டாவது சட்டம். குட்டக்கம்பு எறுகுன சத்தம்." தன் உள்ளங்கையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். "இப்பிடித்தான் தள்ளுச்சு." நான் கையை இழுத்துக்கொள்வேன். பிறகு, "எவ்வளவு நேரம் கேட்டுச்சு?" என்று கேட்பேன்.

குழியில் சொல்லும்படியாகக் கல் எதுவும் கிடைக்கவில்லை. சின்னச் சின்னதாக வந்ததைப் பங்கு போட்டுக்கொண்டு, மண்ணை மூடிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கம்புகளைக் கழற்றவில்லை. என் சட்டங்கள் மண்ணுக்குள்ளே இப்போதும் இறுகிக்கொண்டுதான் இருக்கும், கேட்க ஆளில்லாமல்.

நான் பரீட்சை எழுதிவிட்டேன். பெறுபேறு இன்னும் வரவில்லை. இந்த வெயிலில் லயத்துப் பீலி வற்றி, குடங்கள் நாள் முழுக்க வரிசையில் கிடக்கின்றன. லயத்துக்குப் பின்னால் சரிவில் கிணறு வெட்டுவது என்று போன ஞாயிறு கோயிலடியில் பேசி முடித்தார்கள். மண் இளகல், கல் கட்டும் வரை கம்பு கட்டித்தான் இறக்க வேண்டும். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து, கம்பு நான் கட்டுகிறேன் என்றேன்.

"பொம்பள கெணத்துக்குள்ள எறங்குவாளா?" என்று அம்மாவே கேட்டார்.

"தண்ணி தூக்குறது மட்டும் யாரு?" என்றேன். பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் இருமினார். அண்ணன் மெதுவாக, "கயிறு நான் புடிக்கிறேன்" என்றான்.

இரண்டு நாளாகப் பாக்குநூலால் சரிவை அளந்துகொண்டிருக்கிறேன். இங்கே மலை தள்ளுவது மேற்கிலிருந்து. நீளக்கம்பு மேற்கும் கிழக்கும், அதனால் சூரியனோடும் சண்டையில்லை. கமுகு வெள்ளிக்கிழமை வந்துவிடும். முதல் சட்டம் இறங்கியதும் நான் கீழே போகப் போகிறேன். மழை வந்தால் ஏறமாட்டேன், அண்ணன் மேலே நின்று எவ்வளவு கத்தினாலும், கட்டை பேசும் வரைக்கும்.