நீக்கிய மேற்கோள் குறிகள்

அல்வாலில் நான் வேலை பார்த்த சிறு மோட்டார் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்ட ஒப்பந்த ஊழியர் அவர். ஒல்லியான மனிதர். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் எந்த பேட்ச் ஸ்கிரிப்டையும் அச்செடுத்து, மேற்கோள் குறிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பார்த்த பிறகே ஓட்டுவார்.

ஒருநாள் 'டெஸ்ட் & ஓல்ட்' என்ற பழைய ஃபோல்டரை அழிக்கும் வரியில் மேனேஜர் அந்தக் குறிகளை நீக்கினார்.

“நக்கோ சார், வேணாம். குறி இல்லன்னா & வந்த இடத்துல கட்டளை முடிஞ்சிடும். 'டெஸ்ட்'னு இருக்குற இன்னொரு ஃபோல்டர் மொத்தமும் போயிடும்” என்றார் அவர்.

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்று கேட்டு மேனேஜர் தானே ஓட்டினார். 'டெஸ்ட்' ஃபோல்டரில் இருந்த மோட்டார் சோதனை முடிவுகளெல்லாம் அழிந்தன.

பழி அந்த ஒப்பந்த ஊழியர்மேல் விழுந்தது. பக்கத்தில் நின்று பார்த்த நான், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தன் வேலை போன அன்று அவர் என் மேஜையில் ஒரு சிடியை வைத்தார். “முன்னாடியே பேக்கப் எடுத்திருந்தேன் சார்.”

நான் அதை மேனேஜரிடம் கொடுத்தேன்; எல்லாவற்றையும் மீட்டதற்கு அவருக்குப் பாராட்டு கிடைத்தது. அந்த சிடியை உடைத்துப் போடாமல் அந்த ஊழியர் என்னிடம் ஏன் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.