பனிமலைக்குப் போக மூச்சடக்கிப் பழகியது

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு தினசரியின் நிருபராக இருந்தேன். கப்பல் வரவு, உப்பு ஏற்றுமதி, கடலுக்குப் போய்த் திரும்பாத வள்ளங்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். மலை என்பது எங்கள் வயலிலிருந்து மேற்கே மேகம் மாதிரித் தெரியும் ஒன்று. அதில் ஏறியது கிடையாது.

ஒரு மே மாதம், டெல்லியில் வேலை பார்த்த கல்லூரி நண்பனிடமிருந்து கடிதம் வந்தது. அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தார்கள். செப்டம்பரில் மழை விட்டதும், இமயமலையில் கர்வால் பக்கம், இருபதாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு பனிச் சிகரம். ஐந்தாவதாக வருவதாக இருந்தவர் கழன்றுகொண்டார், நீ வருகிறாயா என்று கேட்டிருந்தான். அன்றைய தபாலிலேயே வருகிறேன் என்று எழுதிப் போட்டேன். ஏன் என்று பிறகு பலரும் கேட்டார்கள். அந்த வாரம் நான் எழுதிய ஐந்து செய்திகளில் நான்கு உப்பைப் பற்றியவை. அதைவிடத் தெளிவான காரணம் என்னிடம் இல்லை.

அடுத்து வந்தது வழிகாட்டியின் கடிதம். அவர் சொல்லச் சொல்ல நண்பன் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கம். முதல் பக்கம் கொண்டுவர வேண்டிய சாமான்கள். அதில் என்னிடம் ஏற்கனவே இருந்தது கறுப்புக் கண்ணாடி மட்டும். உப்பளத்துக்குச் செய்திக்குப் போகிறவன் அது இல்லாமல் போக முடியாது, வெள்ளை கண்ணைப் பறித்துவிடும். இரண்டாம் பக்கத்தில், தினம் ஒரு மணி நேரம் முதுகில் சுமையோடு ஏற்றத்தில் நடக்க வேண்டும் என்று இருந்தது. கடைசிப் பத்தி இது: கூடாரம் போட்ட மூன்றாம் நாள் எல்லோரையும் ஒரு பனிச் சரிவில் ஏற்றிப் பார்ப்பேன். எனக்குத் திருப்தி தராதவர், சிகரத்துக்கு ஏறுபவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிற்றில் சேர மாட்டார். மற்றவர்கள் திரும்பும்வரை அவர் கூடாரத்தில் இருக்கலாம். இதில் பேச்சுக்கு இடமில்லை.

அந்தப் பத்தியைத்தான் அதிகம் படித்தேன். அத்தனை நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்க் கூடாரத்துக்குக் காவல் இருந்துவிட்டு வருவதா? அதோடு, ஊருக்கும் சொல்லியாகிவிட்டது.

"பனிமய மாதாவைக் கும்பிடுத ஊரு. இத்தனை வருசத்துல ஒருத்தனாவது பனியப் பாக்கப் போறானே," என்றார் டீக்கடைக்காரர். "வரும்போது ஒரு தூக்குச்சட்டியில கொண்டாங்க அண்ணாச்சி, சர்பத்துக்கு ஆவும்."

ஏற்றத்துக்கு எங்கே போவது என்பது முதல் சிக்கல். தூத்துக்குடி சாப்பாட்டு இலை மாதிரித் தட்டையான ஊர். உயரமானவை என்று குறித்துப் பார்த்தேன்: கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், தண்ணீர்த் தொட்டி. மூன்றிலும் படி அல்லது ஏணி, மூன்றுக்கும் அனுமதி வேண்டும். கடைசியில் உப்பு அம்பாரம்தான் கிடைத்தது. சரிவு உண்டு, கால் புதையும், வெள்ளையாகவும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அளத்துக்காரர், முந்தின வருஷம் குவித்து, மழையில் இறுகிப் போயிருந்த ஒரு அம்பாரத்தைக் காட்டி, "இதுல ஏறுங்க. புதுசுல ஏறினா சரிஞ்சிரும், பெறகு வேலை பாக்குத பொம்பளப் பிள்ளைய என்னைய ஏசும்," என்றார்.

உயரம் பதினாலு அடி. காலை ஆறு மணிக்குப் போவேன். துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய பூட்ஸ், முதுகில் பதினைந்து கிலோ உப்பு கட்டிய கோணி. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரு மணி நேரம். பக்கத்து அம்பாரத்தில் பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு பலகை வழியாக ஏறிக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எண்ணினேன். நான் மூன்று தடவை ஏறிய நேரத்தில் ஒரு பெண் ஒன்பது தடவை ஏறியிருந்தாள். அதையெல்லாம் எண்ணியவன் அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. நிருபருக்கு அது பெரிய தவறு. காரணம், மூச்சு விஷயத்தை அதற்குள் வேறொருவனிடம் ஒப்படைத்திருந்தேன்.

அவன் அடுத்த தெருக்காரன், என் வயசு, சங்கு குளிப்பவன். சங்குக் குளியைப் பற்றி எழுதப் போனபோது பழக்கமாகி, பிறகு தினமும் சேர்ந்து டீ குடிக்கும் அளவுக்கு ஆனோம். முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன, சங்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கச்சான் என்கிற மேல்காற்றடிக்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கிவிடும், குளி கிடையாது. அப்போது அளத்தில் மூட்டை சுமப்பான். மலை உச்சியில் காற்று குறைவு என்று நான் சொன்னதும் சிரித்தான்.

"கொறவுதான? இல்லாமப் போகலையே? எங்களுக்கு அடியில காத்தே கிடையாது. நாங்க என்ன செத்தா போறோம்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. டீக்கடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். காற்று இல்லாத இடத்தைப் பற்றி இந்த ஊர்க்காரனுக்கு வெளியூர்க்காரன் சொல்லித்தர என்ன இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

அன்று முதல் மாலை வேளைகளில், பழைய துறைமுகத்துக்குத் தள்ளி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்தேன். என் கைக்கடிகாரம் அவன் கையில். முதல் நாள் இருபத்தைந்து விநாடி.

"என்னல, எருமை கணக்கா இளைக்க? காத்தைச் சிந்தாத. இருக்கதை வச்சு ஓட்டணும்."

ஜூலை நடுவில் ஒரு நிமிஷத்தைத் தாண்டினேன். இந்தச் சிக்கனத்தை அம்பாரத்துக்கும் கொண்டுபோனேன். ஒரு மூச்சை இழுத்து, வாயை மூடி, ஆறு அடி. பிறகு அடுத்த மூச்சு. முகம் சிவந்தாலும் முன்னேற்றம் கணக்கில் தெரிந்தது. பெருமையோடு நண்பனுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன்.

ஜூலை கடைசியில், மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறிய வாரம் பதில் வந்தது. என் கடிதத்தை அவன் வழிகாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: "மூச்சை அடக்குவதை இன்றே நிறுத்தச் சொல். மேலே வந்து மூச்சை அடக்குகிறவன் மத்தியானத்துக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். அவனைச் சுமந்து இறக்க வேண்டியது நான். காற்று மெலிந்த இடத்தில் அதிகமாக மூச்சு விட வேண்டும். பழக்கத்தை மாற்ற முடியாவிட்டால் வர வேண்டாம்."

டீக்கடையில் வைத்து அதைத் தமிழில் சொன்னேன். குளிகாரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தாளு கடலைப் பாத்திருக்காரா?"

"இல்ல."

"பெறகு மூச்சைப் பத்தி எனக்கு எப்பிடிச் சொல்லுதாரு?"

"நீ மலையைப் பாத்திருக்கியா?"

டீக்கடைக்காரர்தான், "ரெண்டு பேரும் சரிதான்ல. எடம்தான் வேற," என்றார்.

கிளம்ப ஒரு மாதம் இருந்தது. பழகியதை விடுவது அதைப் பழகியதைவிடக் கடினமாக இருந்தது. வாயைத் திறந்துதான் ஏறத் தொடங்குவேன். நாலாவது அடியில் அது தானாக மூடிக்கொள்ளும். ஏழாவது அடியில்தான் எனக்கே தெரியும். பக்கத்து அம்பாரத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏளா, அண்ணாச்சி மூஞ்சியப் பாரு. ஊதி முடிச்ச பலூன் கணக்கா."

"கிட்டப் போவாத ளா, வெடிச்சிரப் போவுது."

மூன்று நாள் குளிகாரன், மூட்டை சுமப்பதற்கு நடுவே, அம்பாரத்தின் கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. நான் கூடாரத்தில் உட்கார வேண்டி வந்தால் அதற்குக் காரணம் அவன் என்றுதான் ஊர் சொல்லும். நாலாவது நாள் கத்தினான்.

"ஏலே, நில்லு! நீ இன்னும் தண்ணிக்குள்ள இருக்கதா நெனச்சுக்கிட்டு ஏறுத. நாங்க மேல வந்ததும் என்ன செய்வோம்? வள்ளத்து விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மொதல்ல உள்ள இருக்கதை ஊதித் தள்ளுவோம். இழுக்கது இல்ல. தள்ளுதது. தள்ளினா அது தானா உள்ள வரும். அங்கன நீ எப்பவும் இப்பத்தான் மேல வந்த ஆளு. ஒவ்வொரு அடியிலயும் இப்பத்தான் வந்த ஆளு."

ஊதினேன். அடுத்த அடிக்கு இன்னொரு ஊதல். சத்தம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஊதுகிற வாய் மூடவில்லை. பெண்களில் ஒருத்தி அதே மாதிரி ஊதிக்கொண்டு கூடையோடு ஏறினாள், மற்றவர்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். தூரத்தில் இருந்து கங்காணி, "கப்பல் எதும் வந்துட்டா?" என்று சத்தம் போட்டார். அவர்கள் கேலிக்குச் செய்ததில் ஒரு நன்மை இருந்தது. அந்தத் தாளம் என் காதில் தங்கிவிட்டது. ஆகஸ்டு கடைசியில் ரயில் ஏறும்போது, படிக்கட்டு எதைப் பார்த்தாலும் ஊதத் தொடங்கியிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு காலை, கூடாரத்துக்கு மேலே அந்தச் சரிவு. வழிகாட்டி குட்டையான மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். ஒவ்வொருவராக அனுப்பி, ஒரு அடி பின்னால் தானும் ஏறினார். எனக்கு முன்னால் போனவர் தினமும் டென்னிஸ் விளையாடுகிறவர், நன்றாக வேகமாக ஏறினார். பாதியில் வழிகாட்டி அவர் தோளைத் தொட்டு இறங்கச் சொல்லிவிட்டார்.

பனி உப்பைவிட மிருதுவாக இருந்தது. தலை கனத்தது, கால்கள் என்னுடையவை மாதிரி இல்லை. ஊதினேன், ஓர் அடி வைத்தேன். ஊதினேன். வழிகாட்டி என் கால்களைப் பார்க்கவே இல்லை என்பதை ஒரு திருப்பத்தில்தான் கவனித்தேன். தலையைச் சாய்த்து என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். மேலே பாறை வரும்வரை தோளில் கை விழவில்லை.

பாறையில் உட்கார்ந்து இந்தியில் ஏதோ கேட்டார். ஏற்கனவே மேலே வந்திருந்த நண்பன் மொழிபெயர்த்தான். இப்படி ஊத யார் சொல்லிக் கொடுத்தது? கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன் என்றேன். எவ்வளவு ஆழம் என்றார். எட்டுப் பாகம், ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு.

"தலைக்கு மேலே ஐம்பது அடி தண்ணீரா? காற்றே இல்லாமலா?"

ஆமாம் என்றேன். புத்தியுள்ளவன் செய்கிற வேலையா அது என்று அவர் கேட்டார். நண்பன் சிரித்துக்கொண்டே அதையும் மொழிபெயர்த்தான்.

மறுநாள் விடியும் முன் கயிற்றில் என்னைத் தனக்கு அடுத்த ஆளாகக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஊதுகிற சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்பேன் என்றார்.