பதின்மூன்று ஆக்சிஜன்

பி.யு.சி. முதலாண்டில் எனக்குத் தலைக்கனம் ஏறியது சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேனால்தான். எரிதல் சமன்பாடுகளை வகுப்பில் என்னளவு வேகமாக யாரும் சமன்செய்ததில்லை. இரண்டு பியூட்டேனுக்குப் பதின்மூன்று ஆக்சிஜன். வருவது எட்டு கார்பன் டையாக்சைடு, பத்து நீர். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் என் வாயை அடக்க ஆளில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வேலூரிலிருந்து அத்தை வந்திருந்தார். வெயிலில் வளர்ந்த உடம்புக்குப் பெங்களூர் டிசம்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கைக்காகவே அப்பா குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினார். குளிர்காற்று வராதிருக்க, ஜன்னல் இடுக்கையெல்லாம் பழைய செய்தித்தாளால் அடைத்தார். பாசம் அப்படி.

"ஒரு பக்கெட் சுடுதண்ணிக்கு எவ்ளோ கேஸ் ஆகும், சொல்லு பாப்போம்" என்றார் அப்பா என்னிடம். வெப்பக் கணக்குப் போட்டு, முப்பது கிராம் சொச்சம் என்றேன். அது எரிந்தால் ஐம்பது கிராம் நீர் பிறக்கும் என்றதும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நெருப்புல தண்ணி வருதாம்! அப்போ காவேரித் தண்ணி எதுக்குடி?"

கிறிஸ்துமஸ் காலையில் கதகதப்பு போய்விடாமல் கதவைச் சட்சட்டென்று சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் குளித்தோம். கடைசியாகப் போன அத்தை, தேவாலயத்தில் பூசைக்கு நேரமாகியும் வரவில்லை. தட்டினால் பதிலும் இல்லை. அப்பா தாழ்ப்பாள் பெயர இடித்துத் திறந்தபோது அத்தை தரையில் சுருண்டு கிடந்தார். கீசர் எரிந்துகொண்டிருந்தது.

கூடத்துக்குத் தூக்கி வந்து வாசற்கதவைத் திறந்துபோட்டதும், கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார். "தலை வெடிக்குதுண்ணா" என்று முனகினார்.

"பூசைல நன்மை அப்பம் வாங்கணும்னு ராத்திரிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. மயக்கம் வராம என்ன பண்ணும்?" என்றார் அம்மா. எல்லோரும் ஒப்புக்கொண்டோம். கெட்டிக்காரியான நானும்தான்.

ஆக்சிஜன் போதாமல் எரிந்தால் மணமே இல்லாத நஞ்சு வரும் என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. ஆனால் எங்களுக்கு வந்த கணக்கெல்லாம் 'போதிய ஆக்சிஜனில்' என்றே தொடங்கும். பதின்மூன்று என்று எழுதினால் பதின்மூன்றும் வந்து நிற்கும் என்றிருந்தேன். அடைத்த அறைக்குள் அது எந்த வழியாக வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் தாழ்ப்பாளைச் சரிசெய்தார்கள். ஜன்னலில் செய்தித்தாள் அப்படியே இருந்தது. வயிறு நிறைய இட்லி கொடுத்து, அத்தையை முதல் ஆளாகக் குளிக்க அனுப்பினோம்.