இதயத்துக்கும் பூனைக்கும் அனுமதி

கல்லூரி நூலகத்தில் என் மனைவிக்கு ஒரு விநோதமான வேலை. ஆசிரியர்கள் பாடத்தொகுப்பில் சேர்க்க நினைக்கும் கட்டுரைக்கும் படத்துக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று துருவிக் கண்டுபிடித்து, அனுமதி வாங்க வேண்டும். "பாடத்துக்குத்தானே, யாரு கேக்கப்போறாங்க?" என்று எந்த ஆசிரியராவது வாயைத் திறந்தால் போச்சு. "வரைஞ்சவங்க கேப்பாங்க" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். என் தங்கை அனுப்பிய குழந்தைப் படத்தை நண்பனுக்கு அனுப்பப் போனால், "உங்க தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?" என்று குறுக்கே வருவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் மாடிவீட்டு அம்மாவுக்கும் ஆகாது. அந்த அம்மா துணியைப் பிழியாமல் காயப்போடுவார். அது எங்கள் காய்ந்த போர்வைமேல் சொட்டும். சொல்லிச் சொல்லி அலுத்தவள், பழைய சிறுவர் பத்திரிகையில் கிடைத்த ஒரு படத்தை நகலெடுத்தாள். சொட்டும் சட்டைக்கு அடியில் ஒரு பூனை குடை பிடித்து நிற்கும். "துணியைப் பிழிந்து காயப்போடவும்" என்று கீழே எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அப்புறம் செவிலியர் மாணவிகளின் பாடத்தொகுப்பு வந்தது. ஓர் இதயப் படத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ரத்தம் போய்வரும் வழியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை, அது இல்லாமல் பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஆசிரியை ஒற்றைக்காலில் நின்றார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அந்தப் படம் வந்த புத்தகத்தின் பதிப்பகத்துக்கு என் மனைவி போன் செய்தாள்.

"உரிமை வரைஞ்சவங்ககிட்டயே இருக்குங்க. முகவரி சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டே வந்தவளின் கை நின்றது. எங்கள் தெரு. எங்கள் கட்டடம். மாடிவீடு.

"செத்தாலும் போக மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். பிறகு வந்து, "அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க? நீங்களும் வாங்க" என்றாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி. படியேறும்போது அந்தச் சுவர்ப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மாடிவீட்டில் மேசை முழுக்க வண்ணப் பென்சில்களும் பாதி வரைந்த நுரையீரலும் கிடந்தன. அந்த அம்மா முழுவதையும் கேட்டார்.

"இதயத்தைத் தாராளமா எடுத்துக்கோங்க. காசெல்லாம் வேணாம். கீழ என் பேர் மட்டும் இருக்கட்டும்."

நிம்மதியாக எழுந்தோம்.

"ஆனா படிக்கட்டுல இருக்கிற பூனைக்கு என்கிட்ட யாரும் கேக்கலியே?"

என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "அதுவும் உங்களுதா?"

"ஓரத்துல என் பேர் இருந்துச்சு. நகல் எடுக்கும்போது வெட்டுப்பட்டுப் போச்சு."

நான் சிரித்துத் தொலைத்தேன். முறைத்தாள். பிறகு தானும் சிரித்துவிட்டாள். "தப்புத்தாங்க. ஊருக்கெல்லாம் சொல்றவ நான். இன்னிக்கே கிழிச்சுடறேன்."

"ஐயோ, கிழிக்காதீங்க. நல்லா வந்த பூனை அது. பேரை மட்டும் எழுதிடுங்க."

இதயம் அச்சேறிவிட்டது. பூனையும் சுவரிலேயே இருக்கிறது. அடியில், வரைந்தவர் பெயரும் 'அவரது அனுமதியுடன்' என்ற வரியும் என் மனைவியின் கையெழுத்தில் புதிதாக ஏறியிருக்கின்றன. மேலே துணி இன்னும் சொட்டத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் முதலில் ஒரு குரல் வருகிறது.

"காயப்போடலாமா?"

"இருங்க, போர்வையை எடுத்துடறேன்!"